யாரும் ருசி பார்க்காத குலாஷ்

ஆகஸ்ட் பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவின் ஈப்போவில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் பினாங்குக்கும் கேமரன் மலைக்கும் கிளம்பிவிடுவார்கள். அந்த வருடம் நான் கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டு, அப்போது குளிர்காலமான நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் கிளம்பினேன். அங்கே என்ஜினியராக இருக்கும் என் தம்பி சேகர், இலோனா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் போனில் சொல்லியிருந்தான். பெண் அந்த ஊரிலேயே பிறந்தவள். அவள் அப்பா ஹங்கேரியிலிருந்து இளவயதில் அகதியாக வந்து சேர்ந்தவர். அம்மாவும் அந்த நாட்டுக்காரர்தான், இலோனா சின்னவளாக இருந்தபோதே தவறிவிட்டார்.

இதைக் கேட்ட எங்கள் அம்மா சில நாள் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு காலை என் தட்டில் இட்லியை வைத்தபடி, "நீ போய்ப் பார்த்துட்டு வா. நாம சம்பந்தம் வச்சிக்கலாம்னா சரின்னு சொல்லு. சரிப்படாதுன்னா அவனைக் கையோட கூட்டிட்டு வந்துடு" என்றார். கையோடு கூட்டி வர அவன் என்ன ஒன்றாம் வகுப்புப் பையனா என்று கேட்க நாக்கு துடித்தது. அம்மாவை எதிர்த்துப் பேசும் வயது எனக்கு இன்னும் வரவில்லை.

வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னார். "முடிவு பண்ணாம அவங்க வீட்டுல கை நனைச்சிடாதே." பெண் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் காப்பியோடு எழுந்துவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் அது சட்டம்.

ஆக்லாந்தில் குளிர் வெளியே இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது. மவுண்ட் ரோஸ்கில்லில் சேகர் வாடகைக்கு இருந்தது மர வீடு. ஹீட்டர் ஒரே அறையில். அடுத்த அறைக்குப் போக வேண்டுமென்றால் கோட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். ஈப்போவில் காலையில் அரைத்த மாவு மாலைக்குள் பானையை விட்டு வெளியே வந்துவிடும். இங்கே ஹீட்டர் முன்னால் உட்காரவைத்துப் போர்வை போர்த்தியும் அது அசையவில்லை.

துணி காயப்போடுவது அதைவிடக் கூத்து. கொடியில் போட்டால் மழை. எடுத்தால் வெயில். மறுபடி போட்டால் மறுபடி மழை. நான் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, விடுங்கோ. இஞ்சத்தைய மழை நனைக்கிறதும் அதுதான், காயவைக்கிறதும் அதுதான்."

அவள்தான் பரமேஸ். யாழ்ப்பாணத்துக்காரி. கணவனோடும் பிள்ளைகளோடும் வந்து சேர்ந்து தையல் பாக்டரி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலையே நாங்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டோம், சமையலில் மட்டும் எதிரிகள். நான் பருப்புத் தண்ணீர் ஊற்றி ரசம் வைத்தால் அவள் மூக்கைச் சுளிப்பாள். அவள் தேங்காய்ப்பாலில் சொதி வைத்துக் கொண்டுவந்தால் இது குழம்பா பாயாசமா என்று நான் கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்குப் போனோம். வீடு ஹென்டர்சனில். ரயிலில் போகலாம் என்று எனக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை ரயில் கிடையாதாம். கடையும் கிடையாது. ஊர் முழுக்கச் சாமி கும்பிடப் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை, பாதிப் பேர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சேகரின் கார் நடுவழியில் மூச்சை நிறுத்தியது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினேன். ஒரு பெரியவர் புல் வெட்டும் மெஷினை அப்படியே விட்டுவிட்டு வந்து சேர்ந்து தள்ளினார். கார் கிளம்பியதும் நன்றி சொன்னேன். "நல்ல சேலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புல்லுக்குத் திரும்பிவிட்டார்.

இலோனா வாசலுக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் கொண்டுபோன பழக்கூடை உருண்டு ஆரஞ்சுகள் தோட்டத்துக்குள் ஓடின. அவள் அவற்றைத் துரத்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் மண்டியிட்டு ஆரஞ்சு பொறுக்கியதைப் பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. இதை முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது என்று உம்மென்று இருந்தேன்.

அவள் அப்பா லாஸ்லோ உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். "உட்காருங்கள்" என்று அவர் சொன்னது பாதி அதட்டலாக இருந்தது. நானும் அப்படித்தான் சொல்வேன் என்பதால் தப்பாகத் தோன்றவில்லை. மேசை நடுவில் பெரிய பாத்திரம். மூடியைத் திறந்தார். வெங்காயமும் இனிப்பான மிளகாய் வாசமும் அறை முழுக்கப் பரவியது. குலாஷ் என்று உலகம் சொல்வதை அவர் 'குயாஷ்' என்று சொன்னார். அவர்கள் ஊர்ச் சாப்பாடு. சிவந்த சாற்றில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மிதந்தன.

"மன்னிக்க வேண்டும். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை" என்றேன்.

"எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. ரொட்டி இருக்கிறது, வெள்ளரிக்காய் ஊறுகாய் இருக்கிறது."

அதுவும் கை நனைப்பதுதானே. "பசியில்லை" என்றேன். அந்த நேரம் பார்த்து என் வயிறு சத்தமாகக் கத்தியது. எல்லாருக்கும் கேட்டது. சேகர் அவசரமாக, "எனக்கும் வேண்டாம்" என்றான். லாஸ்லோ என்னை விட்டுவிட்டு அவனையே பார்த்தார். பிறகு மூடியை எடுத்து மூடினார். நாங்கள் வெறும் டீ குடித்துவிட்டு வந்தோம்.

மறுநாள் இலோனா போன் செய்தாள். பேசி முடித்த சேகர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அவங்க அப்பா வேணாங்கிறாரு, அக்கா. என் மேசையில உட்கார்ந்து ஒரு துண்டு ரொட்டிகூடத் தொடாத குடும்பத்துக்குப் பொண்ணு தரமாட்டேன்னு சொல்லிட்டாராம்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நாங்கள். பிகு பண்ண வேண்டியது நாங்கள். இவர் எப்படி முந்திக்கொள்ளலாம்? ஆனால் சேகர் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிட்டான். எட்டாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில்கூட அவன் இப்படி இருந்ததில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை அவரை இங்க சாப்பிடக் கூப்பிடு. அவங்க ஊரு சாப்பாட்டை நானே சமைச்சுப் போடுறேன்" என்றேன்.

"நீயா? கோழியில பண்ணலாமே, அக்கா."

"மாட்டுலதான். அவரு மாட்டுலதானே நமக்குப் பண்ணினாரு."

பெண் வீட்டில் சாப்பிடக் கூடாது என்றுதான் அம்மாவின் சட்டம். பெண் வீட்டாருக்குச் சமைத்துப் போடக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

இறைச்சிக்கு ஒடாஹுஹு போகலாம் என்று பரமேஸ் சொன்னாள். அங்கே தேங்காயும் நல்லது கிடைக்குமாம். அவளுக்கு லீவு கிடைத்த நாளில் பஸ் ஏறினோம். ஒடாஹுஹு கடைத்தெரு எனக்கு ஊர்ச் சந்தையை ஞாபகப்படுத்தியது. நடைபாதையில் கிழங்குக் குவியல், பூப்போட்ட உடைகளில் பசிபிக் தீவுப் பெண்கள், வாய் ஓயாத சத்தம். ஆக்லாந்தில் அங்கேதான் எனக்குக் குளிர் விட்டது.

கசாப்புக் கடை வாசலில் பரமேஸ் நின்றுவிட்டாள். "நான் வெளியில நிக்கிறன், அக்கா. தேங்காயைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்." தேங்காயை யாரும் தூக்கிக்கொண்டு ஓடப் போவதில்லை. நான் தனியாக உள்ளே போனேன். பிறந்தது முதல் மாட்டிறைச்சியை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. எந்த இடம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரிடம்கூட அப்படி முழித்ததில்லை. ரொம்ப நேரம் வேக வைக்கப் போகிறேன் என்றேன். "அப்படியானால் கால் இறைச்சி" என்று வெட்டிச் சுற்றிக் கொடுத்தார்.

திரும்பும்போது பேச்சு மும்முரத்தில் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டோம். அது எங்களை மாங்கரே பக்கம் அழைத்துக்கொண்டு போனது. நான் பொட்டலத்தை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பக்கத்து சீட்டில் இருந்த சமோவாக்கார அம்மா பார்த்துக்கொண்டே வந்தார். காதோரம் ஒரு பூ செருகியிருந்தார்.

"அதில் என்ன?"

"மாட்டிறைச்சி."

"வீட்டுக்காரருக்கா?"

"இல்லை. தம்பிக்கு மாமனாராக வரப்போகிறவருக்கு."

பொட்டலத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "போதாது" என்றார். போகவேண்டிய இடத்தைக் கேட்டதும் எங்களை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த மஞ்சள் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, டிரைவரிடம் எங்களை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இலோனா போனில் செய்முறை சொல்ல, சேகர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பாப்ரிகாப் பொடியை முந்தின நாளே கொண்டுவந்து கொடுத்திருந்தாள். மிளகாய்ப் பொடி மாதிரிதான் இருக்கும், காரம் இருக்காது. சீரகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு விதையும் கொடுத்திருந்தாள். வெங்காயத்தை நிறைய நறுக்கினேன், எண்ணெயில் பொன்னிறமாக வதக்கினேன். அதுவரை எல்லாம் நமக்குத் தெரிந்த வேலைதான்.

"இப்ப அடுப்பை அணைச்சிட்டுப் பொடி போடணுமாம், அக்கா."

"அணைச்சிட்டா? அப்புறம் பச்சை வாசனை எப்படிப் போகும்?"

"அப்படித்தான் சொல்றா."

"சின்னப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்?"

நான் துணைக்கு வந்திருந்த பரமேஸைத் திரும்பிப் பார்த்தேன். "ஓம், அக்கா. தூளை நல்லா வறுத்தாத்தான் வாசம் வரும். கருக வறுக்கோணும்" என்றாள். எதிலும் ஒத்துப்போகாத நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். பொடியைக் கொட்டி, தீயைக் கூட்டி, செங்கல் நிறம் போய் மண் நிறம் வரும் வரை வறுத்தேன். பிறகு இறைச்சி, தண்ணீர், கடைசியில் உருளைக்கிழங்கு. பார்க்க அழகாக இருந்தது.

ருசி பார்க்க ஆளில்லை. நான் தொட மாட்டேன், பரமேஸ் சைவம், சேகரும் எங்கள் வீட்டுப் பிள்ளை. படையலுக்குச் சமைக்கும்போது அம்மா ருசி பார்க்கமாட்டார். ஆவியில் வரும் வாசனையை வைத்தே உப்பு சரியா என்று சொல்லிவிடுவார். அந்தத் தைரியத்தில் நானும் மூக்கை நம்பினேன். சேகர் மட்டும் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். கரண்டியை எடுப்பான், என்னைப் பார்ப்பான், வைத்துவிடுவான். பசி போலிருக்கிறது என்று ஒரு அப்பளம் பொரித்துக் கொடுத்தேன்.

லாஸ்லோ டை கட்டி, பூங்கொத்தோடு இலோனாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். என் கையால் குலாஷ் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை நானே பார்த்தேன். பரிமாறினேன். ஒரு கரண்டி வாயில் வைத்தார். கரண்டியை மெதுவாகத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இலோனா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடினாள்.

"மிஸ், இதை யார் ருசி பார்த்தது?" என்று கேட்டார்.

"யாரும் பார்க்கவில்லை."

"அடுப்படியில் எத்தனை பேர் இருந்தீர்கள்?"

"மூன்று பேர்."

அவர் அந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்ப்பது போல் இருந்தார். அப்போது சேகர் எழுந்து ஒரு தட்டு நிறையக் குலாஷை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ரொட்டியைப் பிய்த்தான், சாற்றில் புரட்டினான், இறைச்சியைக் கரண்டி விளிம்பால் பிளந்து கிழங்கோடு சேர்த்து வாயில் போட்டான். "நல்லா இருக்கு, அக்கா" என்றான். முகம் வேப்பங்கொழுந்து மென்ற மாதிரி இருந்தது. ஆனால் நான் பார்த்தது முகத்தை அல்ல, கையை. அது பழகின கை.

"எத்தனை நாளாடா?"

தலை நிமிராமல் சொன்னான். "ரெண்டு வருஷமா. எல்லா ஞாயித்துக்கிழமையும்."

பரமேஸ் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, இந்தக் கசப்பை எனக்காக விழுங்குகிறானே என்று கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

நாங்கள் தமிழில் பேசியது லாஸ்லோவுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. "என் வீட்டில் மூன்று தட்டு சாப்பிடுவான்" என்றார். "நீங்கள் சாப்பிடாததில் எனக்கு வருத்தமில்லை, மிஸ். அது உங்கள் வழக்கம். போன வாரம் உங்களைப் பார்த்துப் பயந்துகொண்டு இவன் வேண்டாம் என்றான் பாருங்கள், அதுதான் என்னைச் சுட்டது. என் மகளுக்கு அவள் அம்மா விட்டுப்போனது இந்தச் சாப்பாடு ஒன்றுதான். நாளைக்கு உங்கள் வீட்டில் அவளும் இப்படித்தான் ஒளித்துச் சாப்பிட வேண்டுமா?"

நான் எழுந்து அவர் தட்டை எடுத்தேன்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, "நீங்கள் காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். படபடப்பில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார். "இறைச்சி படாத பாத்திரம் எது? கத்தி எது?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

வெங்காயம், எண்ணெய், உருளைக்கிழங்கு. அவ்வளவுதான் எடுத்தார். வெங்காயம் வதங்கியதும் அடுப்பை அணைத்தார்.

"அக்கா, நிப்பாட்டிப்போட்டுத்தான் தூள் போடுறார்" என்று பரமேஸ் என் காதில் கிசுகிசுத்தாள்.

"பச்சை வாசனை அடிக்கப் போவுது, பாரு" என்றேன்.

அடிக்கவில்லை. சூட்டிலேயே பொடி சிவந்து இளகியது. உடனே கிழங்கைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். வெந்ததும் என் முன்னால் ஒரு தட்டை வைத்தார். கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டேன். அந்தக் குளிரில், அந்தப் பசியில், அதைப்போல ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினேன். வீடு நம்முடையதானாலும் சமைத்தது பெண்ணின் அப்பா, கை நனைத்துவிட்டோம் என்று பாதியில் ஞாபகம் வந்தது. நிறுத்தத் தோன்றவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னேன். "ஒளித்துச் சாப்பிட வேண்டாம். ஈப்போவுக்கு வந்தாலும் இலோனா இதைச் சமைக்கட்டும், எல்லாருக்கும் முன்னால் சாப்பிடட்டும்."

"உங்கள் அம்மா ஒப்புக்கொள்வாரா?"

"தெரியாது" என்றேன். அதுதான் உண்மை.

"கேட்டுவிடுங்கள்" என்றார். சேகரின் முகம் வெளுத்தது. ஆனால் அவனே போனை எடுத்து எண்ணைச் சுழற்றி என் கையில் கொடுத்தான்.

அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. "அம்மா, நல்ல குடும்பம். நான் சாப்பிட்டுட்டேன். ஆனா அந்தப் பொண்ணு மாட்டுக்கறி சாப்பிடும். நம்ம வீட்டுக்கு வந்தாலும் சமைக்கும். நான் சரின்னு வாக்குக் குடுத்துட்டேன். நம்ம சேகரும் சாப்பிடுறான்."

சேகர் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இலோனா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லாஸ்லோ பாத்திரம் துடைக்கும் துணியை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்றார் அம்மா.

"தெரியும்மா."

"அவளுக்குன்னு தனியா ஒரு சட்டி வாங்கிக் குடுத்துட்டு வா. அடி கனமா இருக்கட்டும். மெல்லிசா வாங்கினா, கறி வேகறதுக்குள்ள அடி பிடிச்சிடும்."

நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். லாஸ்லோ கையிலிருந்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்கள் அம்மா சமைக்கத் தெரிந்தவர்" என்றார்.